கிளப்பைக் காப்பாற்றியது வழக்கா, ரசிகர்களா? சவுத் சிட்னி கதை

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது: "ஆஸ்திரேலியாவில் ஒரு ரக்பி கிளப்பை லீக்கிலிருந்து தூக்கிவிட்டார்களாம். ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்களாம். கிளப் வழக்குப் போட்டு, ஜெயித்து, திரும்பி வந்ததாம். ரசிகர்கள் சத்தம் போட்டால் நீதிபதி மனசு மாறுமா? மாறாது என்றால் அவர்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள்?" உண்மையில் இங்கே கேட்கப்படுவது, அந்தக் கிளப்பைக் காப்பாற்றியது சட்டமா, ஜனங்களா என்பதுதான். பதில் சொல்வதற்கு முன் ஒரு திருத்தம். அந்தக் கிளப் வழக்கில் ஜெயிக்கவில்லை. நடுவில் ஒரு முறை ஜெயித்தது, கடைசி நீதிமன்றத்தில் தோற்றது. தோற்ற பிறகும் இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறது. அது எப்படி என்று புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

நான் சிட்னியில் வணிகச் சட்டத்தில், குறிப்பாக நிறுவனங்களுக்கு இடையிலான போட்டி பற்றிய வழக்குகளில், வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் எங்கள் துறைக்கு வருகிற எவரும் இதைப் படிக்காமல் தப்ப முடியாது. ஒரு ஒப்பந்தத்தின் 'நோக்கம்' என்றால் என்ன என்று வாதாடும் ஒவ்வொரு முறையும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறோம். அதனால் சட்டப் பகுதியை உறுதியாகச் சொல்ல முடியும். ஜனங்களின் எதிர்ப்பு என்ன சாதித்தது என்பதில் நான் சொல்வது ஊகம்தான். இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

கிளப்பின் பெயர் சவுத் சிட்னி ரேபிட்டோஸ். 1908 ஜனவரி 17 அன்று ரெட்ஃபெர்ன் டவுன் ஹாலில் தொடங்கினார்கள். பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் சிட்னியில் வேரூன்றிய அதே வருஷம். முதல் கோப்பையே இவர்களுக்குத்தான். 1971-க்குள் 20 முறை கோப்பையை வென்றிருந்தார்கள், வேறு எந்தக் கிளப்பும் அதைத் தொடவில்லை. ரெட்ஃபெர்ன் என்பது ரயில்வே பட்டறையும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த உழைப்பாளிகள் பகுதி, பழங்குடி மக்கள் நிறைய வாழ்கிற இடம். பெயர்க் காரணத்துக்குப் பல கதைகள் உண்டு. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை காலையில் தெருத்தெருவாக முயல் இறைச்சி விற்றுவிட்டு, மதியம் ஆட வருவார்கள் என்பது அதில் ஒன்று. எது நிஜம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம்தான் சிவப்பும் பச்சையும் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தது என்பதை மனதில் வையுங்கள். 1971-க்குப் பிறகு அணி மெல்ல மெல்லச் சரிந்தது. பணமும் இல்லை, கோப்பையும் இல்லை.

1995-ல் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் லிமிடெட், 'சூப்பர் லீக்' என்று தனிப் போட்டி ஒன்றைத் தொடங்கப் போவதாக அறிவித்தது. கட்டண டிவி வந்துகொண்டிருந்த நேரம், ரக்பி லீக் கையில் இருந்தால் சந்தாதாரர்கள் வருவார்கள் என்பது கணக்கு. பழைய நிர்வாகமான ஆஸ்திரேலிய ரக்பி லீக் எதிர்த்து நின்றது. ஆட்டக்காரர்களை இரண்டு பக்கமும் பெரும் பணம் கொடுத்து இழுத்தார்கள். 1997-ல் இரண்டு லீக்குகள் தனித்தனியாக நடந்தன, மொத்தம் 22 அணிகள். ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள், இரண்டு பக்கமும் பணம் கரைந்தது. அந்த டிசம்பரில் சமாதானம் ஆகி, இரண்டும் சேர்ந்து நேஷனல் ரக்பி லீக் பிறந்தது. சமாதான ஒப்பந்தத்தில் ஒரு வரி: 2000-ஆம் ஆண்டு முதல் 14 அணிகள் மட்டுமே. பின்னால் நடந்த வழக்கு முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றியது.

1998-ல் 20 அணிகள், 1999-ல் 17. இன்னும் மூன்று குறைய வேண்டும். இரண்டு கிளப்புகள் இணைந்தால் பணம் உண்டு என்று ஆசை காட்டினார்கள். பால்மெயினும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் இணைந்தன. நார்த் சிட்னியும் மேன்லியும் இணைந்தன. சவுத் சிட்னி மறுத்துவிட்டது. தலைவர் ஜார்ஜ் பிகின்ஸ் அதே கிளப்பில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தவர், தனித்து நிற்பது என்று உறுதியாக இருந்தார். கூட்டம், வருமானம், வெற்றி என்று பல அளவுகோல்கள் வைத்து நிர்வாகம் மதிப்பெண் போட்டது. 1999 அக்டோபர் 15 அன்று சவுத் சிட்னி வெளியே என்று அறிவித்தார்கள்.

ரசிகர்கள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை. ஐந்து நாள் முன்பே, அக்டோபர் 10-ஆம் தேதி, ரெட்ஃபெர்ன் ஓவல் மைதானத்திலிருந்து சிட்னி டவுன் ஹால் வரை நடந்தார்கள். சுமார் 40,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். ஊர்வலக் கூட்டத்தை யாரும் டிக்கெட் கிழித்து எண்ணுவதில்லை, எனவே அந்த எண்ணைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கிளப்புகளின் ரசிகர்களும் தங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நடந்தார்கள் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. வாராவாரம் இவர்களைத் திட்டித் தீர்த்த எதிரணி ஆட்கள். இன்று இவர்களுக்கு நடந்தால் நாளை நமக்கு என்று அவர்களுக்குப் பட்டது. ரசிகர்களுக்குள் ஒரே குரல் இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். இணைந்தாவது பிழைத்திருக்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. கூட்டமே வராத கிளப்புக்கு இப்போது மட்டும் எங்கிருந்து இத்தனை பேர் என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனால் கோபத்தின் வேர் வேறு. டிவிப் போரில் பழைய லீக்குக்கு விசுவாசமாக நின்ற கிளப் இது. போரைத் தொடங்கிய நிறுவனமே புது லீக்கில் பாதிக்குச் சொந்தக்காரனாக உட்கார்ந்துகொண்டு, நின்றவனை வெளியே அனுப்புகிறது என்பதை அந்த ஜனங்களால் ஜீரணிக்க முடியவில்லை. பலர் அந்த நிறுவனத்தின் பத்திரிகையை வாங்குவதையே நிறுத்தினார்கள்.

இப்போது வழக்கு. ரசிகர்கள் நினைத்த வழக்கும் நீதிமன்றத்தில் நடந்த வழக்கும் வேறு வேறு. "91 வருஷக் கிளப்பை எப்படித் தூக்கலாம்?" என்பது ரசிகர்களின் கேள்வி. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. பழமைக்கும் பாசத்துக்கும் லீக்கில் இடம் கேட்கும் உரிமை எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. அதனால் வக்கீல்கள் வேறு கதவைத் தட்டினார்கள். 1974-ஆம் ஆண்டு வர்த்தக நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: ஒருவருக்கொருவர் போட்டியாக இருக்கும் இருவர் சேர்ந்துகொண்டு, குறிப்பிட்ட சிலருக்கோ ஒரு வகையினருக்கோ சேவை தருவதைத் தடுக்கும் நோக்கத்தில் ஒப்பந்தம் போட்டால் அது செல்லாது. நியூஸ் லிமிடெடும் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கும் போட்டியாளர்கள். லீக் நடத்துவது அவர்கள் தரும் சேவை. 14 அணிகள் என்ற வரி மற்றவர்களை விலக்குகிறது. ஆகவே அந்த வரி செல்லாது என்பது வாதம். கெட்டிக்காரத்தனமான வாதம், ஒரு வியாபாரத் தகராறுக்கான ஆயுதத்தை எடுத்து ஒரு பேட்டையின் துயரத்துக்குப் பொருத்தினார்கள்.

முதலில், தீர்ப்பு வரும்வரை கிளப்பை லீக்கில் வைத்திருக்க இடைக்கால உத்தரவு கேட்டார்கள். 1999 டிசம்பரில் ஃபெடரல் கோர்ட் மறுத்தது. கிளப் வழக்குகளில் பெரும்பாலும் உயிர்நாடி இந்தக் கட்டம்தான். ஒரு பருவம் ஆடாமல் போனால் ஆட்டக்காரர்கள் வேறு கிளப்புக்குப் போவார்கள், விளம்பரதாரர் போய்விடுவார், இரண்டு வருஷம் கழித்து ஜெயித்தாலும் திரும்பி வர ஆள் இருக்காது. சவுத் சிட்னிக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும். 2000, 2001 இரண்டு பருவமும் லீக்கில் இல்லை. முழு விசாரணை முடிந்து 2000 நவம்பர் 3 அன்று நீதிபதி ஃபின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். லீக்கை ஒழுங்குபடுத்துவதுதான் அந்த வரியின் நோக்கம், யாரையும் விலக்குவது அல்ல என்றார்.

அந்தத் தேதியையும் அடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோற்ற ஒன்பதாவது நாள், நவம்பர் 12 அன்று, மறுபடியும் ஊர்வலம். இந்த முறை சுமார் 80,000 பேர் என்று மதிப்பீடு. அணி ஒரு வருஷமாக ஆடவே இல்லை, வழக்கும் தோற்றுவிட்டது, கூட்டம் இரண்டு மடங்கு. இந்த விவகாரத்தில் என்னை இன்னும் அசைப்பது இதுதான். வழக்கமாகக் கட்சிக்காரர் முதல் நீதிமன்றத்தில் தோற்றதும் வக்கீலின் போனை எடுப்பதைக்கூடக் குறைத்துக்கொள்வார். மேல்முறையீட்டுக்குப் பணம் வேண்டும், எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட வேண்டிவரலாம். அந்த நேரத்தில் இத்தனை பேர் பின்னால் நிற்பது ஒரு கிளப் நிர்வாகத்துக்கு எவ்வளவு தெம்பு என்பதை, மேல்முறையீடு போடலாமா வேண்டாமா என்று கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசிய எந்த வக்கீலும் சொல்வார்.

2001 ஜூலை 6 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்று சவுத் சிட்னி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதினான்கு என்று எல்லை கட்டும்போதே எல்லைக்கு வெளியே நிற்பவரை விலக்கும் நோக்கமும் அதில் அடங்கியிருக்கிறது என்பது பெரும்பான்மையின் பார்வை. லீக் 2002 பருவத்துக்கு அவர்களைச் சேர்த்துக்கொண்டது. முதல் ஆட்டம் பக்கத்துப் பகுதி பரம வைரியான சிட்னி ரூஸ்டர்ஸுடன். தோற்றார்கள். அடுத்த சில வருஷங்களில் பல முறை பட்டியலில் கடைசி இடம். ரசிகர்கள் அதற்கும் வந்தார்கள்.

இதற்கிடையில் நியூஸ் லிமிடெட் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெயரைப் பார்த்து நம் ஊர் உயர் நீதிமன்றம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே அதற்கு மேல் வேறு நீதிமன்றம் இல்லை. 2003 ஆகஸ்ட் 13 அன்று நான்குக்கு ஒன்று என்று நியூஸ் ஜெயித்தது. நீதிபதி கர்பி மட்டும் மாறுபட்டார். ஒரு வரியின் விளைவும் அதன் நோக்கமும் ஒன்றல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம். பத்து சீட் வேனை வாடகைக்கு எடுத்தவர் பதினோராவது ஆளை விட்டுவிட்டுத்தான் போவார், ஆனால் அவரை விட்டுவிடுவதற்காகவே அவர் வேன் எடுக்கவில்லை. ஒப்பந்தம் போட்டவர்கள் உண்மையில் எதை அடைய நினைத்தார்கள் என்று பார்க்க வேண்டும், பிழைத்து நிற்கக்கூடிய ஒரே லீக் வேண்டும் என்பதே அவர்கள் நினைத்தது என்று பெரும்பான்மை முடிவு செய்தது. சட்டமாகப் பார்த்தால் இது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். கீழ் அமர்வின் பார்வையை அப்படியே ஏற்றால், எண்ணிக்கை வரம்பு உள்ள எந்தப் போட்டியையும் இரண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்துவது கஷ்டமாகிவிடும். வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் அதுதான் என் கருத்து.

சரி, சட்டப்படி லீக் அவர்களை மறுபடி வெளியே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஏன்? இங்கிருந்து ஊகம். இரண்டு பருவம் ஆடிவிட்ட அணியை நடுவில் எடுத்தால் ஒளிபரப்பு ஒப்பந்தமும் ஆட்ட அட்டவணையும் குலையும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட, 80,000 பேரை மூன்றாவது முறை தெருவுக்கு வரவழைக்கும் தைரியம் எந்த நிர்வாகிக்கும் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த 14 என்ற எண்ணும் நிலைக்கவில்லை. 2002-ல் 15 ஆனது, 2007-ல் 16, 2023-ல் 17. எந்த எண்ணுக்காக நான்கு வருஷம் நீதிமன்றத்தில் போராடினார்களோ அது புழக்கத்தில் இருந்தது இரண்டே பருவம்.

ஆக, என் பதில்: வழக்கு அவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது, அந்த நேரத்தில் கிளப் செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டது ரசிகர்கள். ஒன்று இல்லாமல் மற்றொன்று போதாது. இதற்கு இன்னொரு சான்று அதே சிட்னியில் உண்டு. 1983-ல் லீக் நிர்வாகம் நியூடவுன், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் இரண்டையும் வெளியேற்றப் பார்த்தது. வெஸ்டர்ன் சபர்ப்ஸ் நீதிமன்றம் போனது. நியூடவுனிடம் போராடப் பணம் இல்லை. வெஸ்டர்ன் சபர்ப்ஸும் 1985-ல் கடைசி நீதிமன்றத்தில் தோற்றது. அதற்குள் காலம் ஓடிவிட்டது, நிர்வாகம் விட்டுக்கொடுத்தது, கிளப் 1987-ல் கேம்பல்டவுனுக்கு இடம் மாறி 1999 வரை தனியாக ஆடியது. நியூடவுனும் 1908-ல் தொடங்கிய கிளப்தான். அது முதல் நிலை லீக்குக்குத் திரும்பவே இல்லை.

இந்த வழி எப்போதும் பலிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2017-ல் பெர்த்தின் வெஸ்டர்ன் ஃபோர்ஸ் அணியை, இது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன், சூப்பர் ரக்பியிலிருந்து எடுத்தார்கள். அங்கேயும் ரசிகர்கள் நீலச் சட்டையில் திரண்டார்கள், கிளப்பில் தாங்களே பங்கு வாங்கும் திட்டம்கூடப் போட்டார்கள். ஆனால் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போனது. கதவு சாத்திய அறை, உள்ளே ஒப்பந்த வாசகம் மட்டும். ஆகஸ்ட் 11 அன்று நடுவர் முடிவு எதிராக வந்தது, செப்டம்பர் 5 அன்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றமும் (பெயர்தான் உச்ச நீதிமன்றம், அது மாநில அளவிலானது) மேல்முறையீட்டை நிராகரித்தது. நாலு வாரத்தில் எல்லாம் முடிந்தது. நேரம் வாங்கவே வழியில்லை. அந்த அணியை உயிரோடு வைத்திருந்தது சுரங்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ ஃபாரஸ்டின் பணம். 2020-ல் கொரோனாவால் எல்லைகள் மூடி, உள்நாட்டுப் போட்டிக்கு ஐந்தாவது அணி தேவைப்பட்டபோதுதான் கதவு திறந்தது. பணக்காரர் ஒருவர் கிடைப்பதும் தொற்றுநோய் வருவதும் யாரும் திட்டமிடக்கூடியவை அல்ல.

நீதிபதி மனசு மாறுமா என்று நேரடியாகக் கேட்டீர்கள். மாறாது, மாறவும் கூடாது. கூட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதி, அடுத்த வழக்கில் பெரிய கூட்டம் சேர்க்க முடிந்தவன் பக்கம் சாய்வார். சவுத் சிட்னி ரசிகர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது என் கணிப்பு. அவர்கள் நடந்தது டவுன் ஹாலுக்கு, ஊரும் டிவியும் பார்க்கிற இடத்துக்கு. அவர்கள் பேசியது லீக்கோடும் விளம்பரதாரர்களோடும் அரசியல்வாதிகளோடும். மனம் மாறக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இன்று வேறு ஒரு கிளப்புக்கு இதே நிலை வந்தால் அதே வழக்கைப் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சவுத் சிட்னி நம்பியிருந்த பிரிவை 2017-ல் நீக்கிவிட்டார்கள். போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்துகொள்வது ('கார்டெல்') பற்றிய பிரிவுகள்தான் இப்போது இருக்கின்றன, அவற்றின் உரைகல் வேறு. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, லீக்கோடு கிளப் போட்ட ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு, தகராறு வந்தால் நீதிமன்றமா நடுவரா என்ற வரிகள். ரசிகராக உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது ஊர்வலத்தைவிடச் சாதாரணமாகத் தெரியும்: உறுப்பினராகச் சேருங்கள். ரசிகருக்குச் சட்டத்தில் எந்த நிலையும் இல்லை, உறுப்பினருக்கு உண்டு. 2006 மார்ச்சில் நடிகர் ரஸ்ஸல் க்ரோவும் தொழிலதிபர் பீட்டர் ஹோம்ஸ் அ கோர்ட்டும் 30 லட்சம் டாலருக்குச் சவுத் சிட்னியின் 75 சதவீதத்தை வாங்க முன்வந்தபோது உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். தேவை 75 சதவீத ஆதரவு. கிடைத்தது 75.8. கிளப்பைக் காப்பாற்றிய பிகின்ஸ் அதை எதிர்த்தார், தோற்றார். எட்டு வருஷம் கழித்து, 2014 அக்டோபர் 5 அன்று, இறுதி ஆட்டத்தில் கேன்டர்பரி அணியை 30-6 என்று வென்று 43 வருஷத்துக்குப் பிறகு கோப்பை வந்தது. சவுத் சிட்னியின் சாம் பர்ஜெஸ் முகத்தில் எலும்பு உடைந்த நிலையிலேயே கடைசிவரை ஆடினார். விற்றது சரியா தப்பா என்று ரெட்ஃபெர்னில் கேட்டால் இன்றும் இரண்டு பதில் வரும். அதை முடிவு செய்யும் ஓட்டு, சந்தா கட்டி உறுப்பினரானவர்களிடம் மட்டும்தான் இருந்தது.